உள்ளூர் செஸ் கிளப்புகளுக்கு மறுபடி ஆட்களை வரவைப்பது எப்படி?

ஸ்ரீரங்கத்துக்குதிரை | 5 ஜனவரி 2025

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனத்தில் இருப்பதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

டிசம்பர் 12 சாயங்காலம், உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் கடைசி ஆட்டம். எங்கள் அலுவலகத்தில் பதினோரு பேர் ஒரு போனைச் சுற்றி நின்றோம். குகேஷின் எதிராளி டிங் லிரென் யானையை எஃப்2 கட்டத்துக்கு நகர்த்திப் பெரிய தப்பு செய்ததும் வர்ணனையாளர்கள் கத்தினார்கள். குகேஷ் கண்ணீரோடு காய்களை மறுபடி அடுக்கியதைப் பார்த்து எனக்கும் தொண்டை அடைத்தது. பதினெட்டு வயதில் உலக சாம்பியன், அதுவும் நம் சென்னைப் பையன். அப்புறம் டீ குடிக்கும்போது, "உங்களில் யாருக்கெல்லாம் ஆடத் தெரியும்?" என்று கேட்டேன். ஏழு பேர் கை தூக்கினார்கள். "எதிரே ஒரு ஆளை உட்கார வைத்து, போர்டில் கடைசியாக எப்போது ஆடினீர்கள்?" என்றேன். ஒருவர் கல்லூரியில் என்றார், இன்னொருவர் ஆறாம் வகுப்பில். மற்றவர்களுக்கு ஞாபகமே வரவில்லை.

நான் திருச்சி. 1988-இல் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன சமயத்தில் செஸ் பிடித்துக்கொண்ட தலைமுறை. அப்போது எங்கள் பகுதியில் ஒரு கடையின் மாடியில் கிளப் இருந்தது. ஆறு மேஜை, சாவி கொடுக்கும் கிளாக் நான்கு, ஒரு மண்பானைத் தண்ணீர். வங்கி மேலாளரும் சைக்கிள் கடைக்காரரும் பத்தாம் வகுப்புப் பையனான நானும் ஒரே மேஜையில் ஆடினோம். சைக்கிள் கடைக்காரரைத் தோற்கடிக்க எனக்கு மூன்று வருஷம் ஆனது. வீட்டுக்காரர் இடத்தைத் திருப்பிக் கேட்டபோது வேறு இடம் தேடிக்கொண்டே இருந்தோம். ஆறு மாதம் தேடினோம். அதற்குள் ஆட்கள் அவரவர் வழியில் போய்விட்டார்கள்.

இப்போது ஊரில் பயிற்சி மையங்கள் நிறைய. ஒன்றில் போய், "வாரம் ஒரு நாள் வந்து ஆடலாமா?" என்று கேட்டேன். "உங்கள் குழந்தைக்கு என்ன வயது சார்?" என்று கேட்டார்கள். எனக்குத்தான் என்று சொன்னதும், பெரியவர்களுக்கு பேட்ச் இல்லை என்றார்கள். டோர்னமென்ட் போகலாம் என்றால் ஞாயிறு முழுக்கப் போய்விடும், என்ட்ரி ஃபீஸ் வேறு. எனக்கு வேண்டியது அது இல்லை. ஒரு சாயங்காலம், ஒரு போர்டு, எதிரே ஒரு மனிதர்.

உலகமே சென்னையைச் செஸ்ஸின் ஊர் என்கிறது. அந்தச் சென்னை இருக்கும் மாநிலத்தில் நாற்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் போய் உட்கார்ந்து ஆட இடம் இல்லை என்பது எனக்கு நிஜமாகவே வலிக்கிறது. உங்கள் ஊரில் கிளப் உயிரோடு இருக்கிறதா? மூடியிருந்தால் ஏன் மூடியது? திரும்ப ஆரம்பித்தால் நீங்கள் எதற்காக வருவீர்கள்? ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன்.

மாம்பலம்63 | 5 ஜனவரி 2025

தம்பி, படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மானுவேல் ஆரோன் 1972-இல் சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் ஆரம்பித்த மிகைல் டால் செஸ் கிளப்புக்குப் போனவன் நான். 1961-லேயே இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் (கிராண்ட்மாஸ்டருக்கு ஒரு படி கீழே உள்ள பட்டம்) ஆனவர் அவர். ஒன்பது முறை தேசிய சாம்பியன். அந்த உயரத்தில் இருந்தவர் எங்களைப் போன்றவர்களுக்கு உட்கார ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தார் பாருங்கள், அதைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். அங்கே ரஷ்யப் புத்தகங்கள் இருந்தன, கிளாக் இருந்தது. எல்லாவற்றையும்விட ஆள் இருந்தார்கள்.

பிளிட்ஸ் என்ற வேக ஆட்டம் ஆடும்போது ஜெயித்தவர் உட்கார்ந்தே இருப்பார். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். ஆனந்த் அங்கே வளர்ந்ததைப் பற்றிப் பேட்டிகளில் சொல்லும்போது இந்த வரிசையைத்தான் சொல்வார். திரும்பவும் ஆட வேண்டுமானால் நன்றாக ஆட வேண்டும், அவ்வளவுதான் பாடத்திட்டம். காத்திருக்கும் நேரத்தில் மற்றவர் ஆட்டத்தைப் பார்க்கிறோம் இல்லையா, பாதி கற்றுக்கொண்டது அப்படித்தான்.

ஒரு விஷயத்தில் உறுதியாக இருங்கள். கிழமையை மாற்றாதீர்கள். டால் கிளப் நாட்களில் "இன்றைக்கு இருக்குமா?" என்று யாரிடமும் விசாரித்துவிட்டுப் போனதில்லை. நேராகப் போவோம், யாராவது இருப்பார்கள்.

பிளிட்ஸ்பையன் | 6 ஜனவரி 2025

மரியாதையோடு ஒரு கேள்வி கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் துவாக்குடி பக்கம் ஹாஸ்டலில் இருக்கிறேன், பத்தொன்பது வயது. லாக்டவுனில் போனில்தான் செஸ் கற்றுக்கொண்டேன். லிச்செஸ் என்ற செஸ் இணையதளத்தில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் என் அளவுக்குச் சமமான ஆள் ஐந்து வினாடியில் கிடைக்கிறார். காசு இல்லை, விளம்பரம் இல்லை. ஆட்டம் முடிந்ததும் எஞ்சின் என்ற செஸ் மென்பொருள் எங்கே தப்பு என்று காட்டிவிடுகிறது. பஸ் ஏறி நாற்பது நிமிஷம் வந்து இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்புவதில் எனக்கு என்ன கூடுதலாகக் கிடைக்கும்? என் வயதுக்காரர்களுக்கு இதற்குப் பதில் சொன்னால்தான் வருவார்கள்.

சிசிலியன்தோழன் | 6 ஜனவரி 2025

நல்ல கேள்வி தம்பி. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எஞ்சின் உங்கள் தப்பு எந்த நகர்த்தலில் என்று சொல்லும். ஏன் அப்படி நினைத்தீர்கள் என்று கேட்காது. கிளப்பில் ஆட்டம் முடிந்ததும் கையைக் குலுக்கிவிட்டு இரண்டு பேரும் அதே போர்டில் காய்களைத் திரும்ப வைத்து அலசுவோம். "இங்கே குதிரையை உள்ளே விடுவீர்கள் என்று பயந்தேன்" என்பார் அவர். நமக்கு அந்த நகர்த்தல் கண்ணிலேயே பட்டிருக்காது. எதிராளியின் பயத்தை அவர் வாயாலேயே கேட்பது ஆன்லைனில் நடக்காது. சுற்றி நிற்கும் நாலு பேர் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ஆட்டம் நாற்பது நிமிஷம் என்றால் அலசல் ஒரு மணி நேரம் போகும். எனக்குச் செஸ் சொல்லிக்கொடுத்ததில் முக்கால்வாசி இந்த அலசல்தான்.

இன்னொன்று, கண். திரையில் மேலிருந்து பார்த்துப் பழகியவருக்கு நிஜப் போர்டில் தூரத்து மூலையில் நிற்கும் பிஷப் தெரியாது. இதை நான் பல இளைஞர்களிடம் பார்த்துவிட்டேன். ஆன்லைனில் என்னைவிட இருநூறு புள்ளி மேலே இருப்பவர்கள் போர்டில் என்னோடு தடுமாறுகிறார்கள். பத்து இருபது ஆட்டம் ஆடியதும் சரியாகிவிடும்.

ஆன்லைனை எதிரியாக நினைக்க வேண்டாம் என்பதும் என் கருத்து. 2020-க்குப் பிறகு செஸ் தெரிந்தவர்கள் இவ்வளவு பேர் ஆனது அதனால்தான். அவர்களுக்கு வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கதவு திறந்திருக்கிறது என்ற தகவல் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

சுவிஸ்பேரிங் | 8 ஜனவரி 2025

நான் ஆர்பிட்டர், அதாவது செஸ் போட்டி நடுவர். வாரக் கடைசியில் எங்காவது ஒரு டோர்னமென்ட் ஹாலில் இருப்பேன். பெரியவர்கள் ஏன் ஆடுவதை விட்டார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்த பெரிய காரணம் ரேட்டிங், அதாவது ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் புள்ளி.

கணக்கைப் பாருங்கள். 1600 ரேட்டிங் உள்ள ஒரு பெரியவர் 1400 உள்ள பையனிடம் தோற்றால் அவருக்கு ஏறக்குறைய 15 புள்ளி போகும், ஏனென்றால் ஓர் ஆட்டத்தில் புள்ளி எவ்வளவு ஏறி இறங்கும் என்பதைத் தீர்மானிக்கும் கே மதிப்பு அவருக்கு 20. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட அந்தப் பையனுக்குக் கே 40, அதனால் அவனுக்கு 30 ஏறும். பையன் வேகமாக வளர்கிறான், அவன் நிஜ பலம் 1700 இருக்கும், ஆனால் பட்டியல் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. ஒரே டோர்னமென்டில் இப்படி நான்கு பையன்கள் எதிரே வந்தால் பெரியவருக்கு அறுபது புள்ளி காலி. பத்து வருஷம் சேர்த்தது இரண்டு நாளில் போகும். 2024 மார்ச்சில் உலகச் செஸ் சம்மேளனமான ஃபிடே ரேட்டிங்கின் அடிமட்டத்தை 1000-இலிருந்து 1400-க்கு உயர்த்தி, 2000-க்குக் கீழே இருந்தவர்களுக்குப் புள்ளி கூட்டிக்கொடுத்ததே இந்தச் சரிவைச் சமாளிக்கத்தான். அதனால் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனாலும் பயம் போகவில்லை.

ஒரு காட்சி என் மனத்தை விட்டுப் போகவே இல்லை. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் ஒன்பது வயதுப் பெண் குழந்தையிடம் தோற்றார். நல்ல ஆட்டம். அவர் சிரித்தபடி கை கொடுத்து, "பாப்பா, எங்கே நான் தப்பு செய்தேன், காட்டு" என்று கேட்டார். அதற்குள் குழந்தையின் அப்பா வந்து அடுத்த ரவுண்டுக்குத் தயாராக வேண்டும் என்று அழைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் கொஞ்ச நேரம் அந்த போர்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த வருஷம் அவரைக் காணவில்லை.

அதனால் என் யோசனை: கிளப்பில் ஃபிடே ரேட்டிங் பேச்சே வேண்டாம். ஏணி முறை வையுங்கள். சுவரில் ஒரு பலகை, எல்லோர் பெயரும் வரிசையாக. உங்களுக்கு மேலே இருக்கும் மூன்று பேரில் யாரை வேண்டுமானாலும் ஆட்டத்துக்கு அழைக்கலாம். ஜெயித்தால் அவர் இடம் உங்களுக்கு. புதிதாக வருபவர் கீழே சேர்வார், முதல் நாளே ஆட ஆள் உண்டு. பலத்தில் ரொம்ப வித்தியாசம் இருந்தால் நேரத்தைப் பிரித்துக் கொடுங்கள், ஒருவருக்கு ஐந்து நிமிஷம், மற்றவருக்குப் பதினைந்து.

கோவைக்காரி | 8 ஜனவரி 2025

பள்ளியில் மாவட்ட அளவில் ஆடியவள் நான். கல்லூரியோடு நின்றுவிட்டது. இப்போது முப்பத்தாறு வயது, ஏழு வயதில் ஒரு பெண். வைஷாலி கிராண்ட்மாஸ்டர் ஆன செய்தி வந்த நாளில் பரணிலிருந்து என் பழைய போர்டை எடுத்தேன்.

கிளப் ஆரம்பிப்பவர்களுக்குச் சில விஷயங்கள் தோன்றுவதே இல்லை, அதனால் எழுதுகிறேன். ராத்திரி எட்டு மணிக்கு மாடியில் ஓர் அறை என்றால் நான் வர மாட்டேன், என்னைப் போன்ற யாரும் வர மாட்டார்கள். பகல் வெளிச்சத்தில் முடியும் நேரமாக வையுங்கள். பூட்டி வைக்காத, உள்ளே தாழ்ப்பாள் சரியாக இருக்கும், தண்ணீர் வரும் கழிப்பறை வேண்டும். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் நான் ஒரு டோர்னமென்டை நாலாவது ரவுண்டில் விட்டுவிட்டு வந்தது இதனால்தான். அப்புறம் குழந்தையோடு வரலாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். என் பெண் பக்கத்து மேஜையில் படம் வரைந்துகொண்டிருப்பாள். அது பிரச்சினை இல்லை என்று யாராவது வாய்விட்டுச் சொன்னால்தான் எனக்கு வரத் தோன்றும்.

முதல் நாள் வாசலில் நிற்கும்போது எல்லோரும் தலை குனிந்து ஆடிக்கொண்டிருப்பார்கள். யாரும் நிமிர மாட்டார்கள். அந்த இரண்டு நிமிஷத்தில் ஒருவர் எழுந்து வந்து "வாங்க, உட்காருங்க, ஒரு ஆட்டம் போடலாமா?" என்று கேட்டால் போதும். கேட்காததால் நான் திரும்பிப் போயிருக்கிறேன்.

பயிற்சியாளர்_மதுரை | 9 ஜனவரி 2025

இங்கே பயிற்சி மையங்கள் மேல் வருத்தம் தெரிகிறது. அந்தப் பக்கம் நிற்பவனாக நானும் பேச வேண்டும்.

எனக்கு இட வாடகை இருக்கிறது, இரண்டு உதவிப் பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் இருக்கிறது. குழந்தைகள் கட்டும் ஃபீஸில்தான் எல்லாம் நடக்கிறது. பெரியவர்களுக்காக ஒரு சாயங்காலம் ஒதுக்கிப் பார்த்தேன். முதல் வாரம் பன்னிரண்டு பேர், ஆறாவது வாரம் ஒருவர். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, நானும் அவரும் ஆடினோம். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. குகேஷும் பிரக்ஞானந்தாவும் வந்தது பயிற்சி மையங்களின் உழைப்பால்தான். அதைக் குறைத்துப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மாம்பலம்63 | 9 ஜனவரி 2025

ஐயா, உங்கள் உழைப்பை யாரும் குறைக்கவில்லை. நீங்கள் சொன்ன ஆறாவது வாரம்தான் இங்கே எல்லாருக்கும் பாடம். பயிற்சி மையம் குழந்தையை மேலே ஏற்றிவிடுகிற இடம். மேலே போக முடியாத நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பத்தாம் வகுப்பில் நிறுத்திவிடுகிறார்கள். அவர்கள் எங்கே போவார்கள்? கிளப் அவர்களுக்கானது. உங்களிடம் படித்த பிள்ளைகள் முப்பது வயதில் திரும்பி வந்து உட்கார ஓர் இடம் இருந்தால் உங்கள் உழைப்பும் வீணாகாது.

டார்ட்மண்ட்_தமிழன் | 11 ஜனவரி 2025

ஜெர்மனியில் எட்டு வருஷமாக இருக்கிறேன். டார்ட்மண்ட், முன்னாள் உலக சாம்பியன் கிராம்னிக் பத்து முறை வென்ற போட்டி நடக்கும் ஊர். இங்கே கிளப்புகள் எப்படி உயிரோடு இருக்கின்றன என்று சொன்னால் உதவுமா என்று பார்க்கிறேன்.

வந்த புதிதில் மொழி சரியாக வராது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் இங்குள்ள செஸ் சங்கத்துக்குப் போனேன். பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஓர் அறை. எழுபது வயதுக்காரர் ஒருவர் கதவைத் திறந்தார், பெயரைக் கேட்டார், நேராக போர்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். மூன்றாவது வாரம் என்னிடம், "எங்கள் அணியில் எட்டாவது போர்டு காலியாக இருக்கிறது, ஆடுகிறாயா?" என்று கேட்டார்.

விஷயம் இந்த அணியில்தான் இருக்கிறது. இங்கே செஸ் லீக் என்பது புண்டெஸ்லிகா என்ற தேசிய லீக்கில் இருந்து மாவட்டம் வரைக்கும் அடுக்கடுக்காக இறங்கி வரும். மேல்மட்டத்தில் ஓர் அணிக்கு எட்டு போர்டு. உலகத்தின் பெரிய கிராண்ட்மாஸ்டர்கள் மேலே ஆடுகிறார்கள், கீழ் அடுக்கில் என்னைப் போன்றவர்கள். இலையுதிர் காலத்தில் தொடங்கி வசந்தம் வரை, சில வாரங்களுக்கு ஒரு முறை ஞாயிற்றுக்கிழமை ஒரே ஓர் ஆட்டம். நான் வராமல் மாற்று ஆளும் கிடைக்காவிட்டால் அந்த போர்டில் எதிரணிக்கு ஆடாமலே ஒரு புள்ளி போகும். மழையோ பனியோ, மற்ற ஏழு பேரின் முகம் நினைவுக்கு வரும், கிளம்பிவிடுவேன். நம் ஊரில் செஸ் என்றால் தனி ஆள் போட்டி. தோற்றால் நான்தான் தோற்றேன், வராவிட்டால் எனக்குத்தான் நஷ்டம். அதனால் விட்டுப் போவது சுலபம்.

ஒரு தடவை மற்ற எல்லா போர்டும் முடிந்து மூன்றரைக்கு மூன்றரை. என் ஆட்டம் மட்டும் நடக்கிறது. யானையும் சிப்பாய்களும் மிச்சமிருந்த முடிவாட்டம். சுற்றிலும் பதினைந்து பேர் சத்தமில்லாமல் நிற்கிறார்கள். டிராவைக் காப்பாற்றினேன், அணி தோற்கவில்லை. எழுபது வயதுக்காரர் என் தோளில் கை வைத்தார். ஊரை விட்டு வந்த பிறகு இங்கே நான் வேரூன்றியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

திருச்சி, தஞ்சாவூர், கரூர், புதுக்கோட்டை, எல்லாம் பஸ்ஸில் போய் வரும் தூரம். ஊருக்கு நாலு பேர் கொண்ட ஓர் அணி போதும். மாதம் ஒரு ஞாயிறு. பரிசுப் பணம் எதுவும் வேண்டாம்.

ஸ்ரீரங்கத்துக்குதிரை | 13 ஜனவரி 2025

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று ஆரம்பித்துவிட்டோம்.

பழைய கிளப் நண்பர் ஒருவர் அச்சகம் வைத்திருக்கிறார். ஞாயிறு மெஷின் ஓடாது. முன் அறையில் பைண்டிங் மேஜை பெரியது, நாலு போர்டு தாராளமாகப் போடலாம். தரைத்தளம், கழிப்பறை நன்றாக இருக்கிறது. கோவைச் சகோதரி சொன்னதைப் படித்ததும் முதல் வேலையாகத் தாழ்ப்பாளையும் குழாயையும் பார்த்தேன், தாழ்ப்பாள் மாற்றியாகிவிட்டது. நேரம் மாலை நாலு முதல் ஏழு. ஒவ்வொரு ஞாயிறும். நான் ஊரில் இல்லாவிட்டால் சாவி இன்னொருவரிடம் இருக்கும். பயிற்சியாளர் சொன்ன ஆறாவது வாரத்தை மனத்தில் வைத்துத்தான் சாவியை இரண்டு பேரிடம் கொடுத்தோம்.

நேற்று ஆறு பேர் வந்தோம். டீ, காகிதம், மை வாசனை.

கணக்குவாத்தியார் | 20 ஜனவரி 2025

அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்த வருஷம் எங்கள் பள்ளியில் செஸ் பற்றிக்கொண்டது. நேப்பியர் பாலத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் வரைந்த படத்தை எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருந்தார்கள். போர்டுகள் வாங்கினோம், மதிய இடைவேளையில் வராந்தா முழுக்க ஆடுவார்கள். இப்போது அந்த போர்டுகளில் பாதி பீரோவில் இருக்கிறது. காய்கள் குறைந்த செட்டுகள்.

பிள்ளைகளுக்கு ஆர்வம் போகவில்லை. தங்களுக்குள் ஆடி ஒரு மட்டத்தில் நின்றுவிட்டார்கள், மேலே இழுக்க ஆள் இல்லை. பயிற்சி மைய ஃபீஸ் இவர்கள் வீட்டில் கட்ட முடியாது. உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு பிள்ளைகளை அழைத்து வரட்டுமா? பெரியவர்களோடு ஆடினால் போதும், யாரும் பாடம் நடத்த வேண்டாம்.

கேரளத்தில் திருச்சூர் மாவட்டத்து மரோட்டிச்சால் கிராமத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்ணிகிருஷ்ணன் என்ற டீக்கடைக்காரர் ஊர்க்காரர்களுக்குச் செஸ் சொல்லிக்கொடுத்தார், குடியிலும் சீட்டாட்டத்திலும் கிடந்த ஊர் போர்டுக்குத் திரும்பியது. கொல்கத்தாவில் கரியாஹாட் மேம்பாலத்துக்குக் கீழே நாள்தோறும் சாயங்காலம் ஆடுகிறார்கள். இரண்டு இடத்திலும் ஏசி ஹால் இல்லை.

ஸ்ரீரங்கத்துக்குதிரை | 20 ஜனவரி 2025

சார், தாராளமாக அழைத்து வாருங்கள். நேற்று பொங்கல் விடுமுறையின் கடைசி நாள், மூன்றே பேர்தான் இருந்தோம். இருந்தாலும் ஏழு மணி வரை திறந்தே வைத்திருந்தோம். ஆறரைக்கு ஒருவர் எட்டிப் பார்த்து, "செஸ் என்று போர்டு போட்டிருக்கே, என்ன சார்?" என்று கேட்டார். பக்கத்துத் தெருவில் மின்சாரக் கடை வைத்திருக்கிறாராம். அடுத்த வாரம் வருகிறேன் என்றார்.

பிளிட்ஸ்பையன் | 3 பிப்ரவரி 2025

நேற்று போனேன். எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதல் ஆட்டம் மாணவப் பிள்ளை ஒருவனோடு, ஜெயித்தேன். இரண்டாவது ஆட்டம் அச்சக ஐயாவோடு. நல்ல நிலையில் இருந்தேன். பிஷப்பைத் தொட்டுவிட்டு வேறு நகர்த்தல் பார்த்ததும் கையை எடுத்தேன். அவர் மெதுவாக, "தொட்ட காயைத்தான் ஆடணும் தம்பி" என்றார். பிஷப்பை எங்கே வைத்தாலும் சிப்பாய் போகும். ஆன்லைனில் ஆயிரக்கணக்கான ஆட்டம் ஆடியிருக்கிறேன், ஒரு காயைத் தொடுவதற்கு முன்னால் இவ்வளவு யோசித்ததே இல்லை. மூன்றாவது ஆட்டத்தில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஆடினேன், நிஜமாகவே நன்றாக ஆடினேன்.

நேற்று நெதர்லாந்தில் விக் ஆன் ஜீ செஸ் போட்டியின் கடைசி ரவுண்டு, நமக்கு நாலரை மணிக்குத் தொடக்கம். குகேஷும் பிரக்ஞானந்தாவும் சமப் புள்ளியில். ஒரு போனில் நகர்த்தல்களைப் பார்த்து இரண்டு போர்டில் இரண்டு ஆட்டத்தையும் வைத்தோம். ஒன்பது பேர், ஆளுக்கொரு யோசனை. ஏழு மணிக்கு மூட மனசு வரவில்லை, எட்டரைக்குத்தான் பூட்டினார்கள். இரண்டு பேருமே அந்த ரவுண்டில் தோற்று, சமனை முறிக்க நடந்த டைபிரேக்கில் பிரக்ஞானந்தா ஜெயித்ததை ஹாஸ்டலில் தனியாகப் பார்த்தேன். பார்த்ததும் நேற்று அறிமுகமான ஒருவருக்கு ராத்திரியிலேயே மெசேஜ் அனுப்பினேன், அவரும் தூங்கவில்லை.

சுவிஸ்பேரிங் | 4 பிப்ரவரி 2025

தம்பி எழுதியதைப் படித்து ரொம்ப சந்தோஷம். பழைய டிஜிட்டல் கிளாக் இரண்டு என்னிடம் சும்மா இருக்கிறது, அனுப்புகிறேன். முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.

ஸ்ரீரங்கத்துக்குதிரை | 2 ஜூன் 2025

நாலு மாதம் கழித்து நிலவரம் சொல்கிறேன். நல்லது கெட்டது இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

ஒரு ஞாயிறும் விடவில்லை. சராசரியாகப் பத்துப் பேர் வருகிறார்கள். ஏணிப் பலகையில் இருபத்து மூன்று பெயர் இருக்கிறது. ஏப்ரலில் பரீட்சை முடிந்து பிள்ளைகள் ஊருக்குப் போனதும் ஐந்தாகக் குறைந்தது. பெண்கள் இதுவரை இரண்டே பேர், அதுவும் தொடர்ந்து இல்லை. இதை எப்படிச் சரி செய்வது என்று கோவைச் சகோதரியிடம்தான் மறுபடி கேட்க வேண்டும்.

ஒரு சின்னத் தகராறு வந்தது. எழுபத்தைந்து வயதுப் பெரியவர் ஒருவர் வருகிறார். அவர் கிராமத்தில் கற்றது நம் பழைய நாட்டு முறை. சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும், ராஜா ஒரே ஒரு முறை குதிரை மாதிரித் தாவலாம். பிள்ளைகள் "அப்படி ரூல் இல்லை தாத்தா" என்றார்கள். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. இந்தியாவில் 1960-கள் வரைக்கும் பலர் அந்த முறையில்தான் ஆடினார்கள், சர்வதேச விதிகளைப் பரப்ப மானுவேல் ஆரோனே பாடுபட வேண்டியிருந்தது என்று பிள்ளைகளிடம் சொன்னேன். இப்போது கடைசி அரை மணி நேரம் ஒரு போர்டில் தாத்தா முறை. அந்த முறையில் அவரை இன்னும் யாரும் ஜெயிக்கவில்லை. பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள்.

டார்ட்மண்ட் நண்பர் சொன்ன அணி ஆட்டத்தையும் முயன்றோம். தஞ்சாவூரிலிருந்து நாலு பேர் மே மாதம் வந்தார்கள். நாலு போர்டு, ஆளுக்கு ஒரு மணி நேரம். இரண்டரைக்கு ஒன்றரை தோற்றோம். நம் நாலாவது போர்டு கணக்கு சார் பள்ளியின் பதினோராம் வகுப்புப் பெண், அவள் ஒருத்திதான் ஜெயித்தாள். முதல் போர்டில் நான் டிரா. திரும்ப ஜூலையில் நாம் அங்கே போக வேண்டும். பஸ் செலவை யார் தருவது என்பது இன்னும் முடிவாகவில்லை.

இடம்தான் கவலை. அச்சகத்தை நண்பரின் மகன் எடுத்து நடத்தப் போகிறார், ஞாயிறும் வேலை இருக்கும் போலிருக்கிறது. மூன்று மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். போன முறை நாங்கள் செய்த தப்பு, இடம் கிடைக்கும்வரை ஆட்டத்தை நிறுத்தி வைத்தது. இந்த முறை ஒரு ஞாயிறுகூட நிற்காது. கணக்கு சார் தலைமையாசிரியரிடம் பேசியிருக்கிறார், வராந்தா கிடைக்கலாம். அதுவும் இல்லையென்றால் என் வீட்டு மொட்டை மாடி.

கோவைக்காரி | 3 ஜூன் 2025

அந்தப் பதினோராம் வகுப்புப் பெண்ணிடம் அவள் தோழியை அழைத்து வரச் சொல்லுங்கள். தனியாக வருபவள் ஒரு நாள் நின்றுவிடுவாள், இரண்டு பேராக வந்தால் நிற்க மாட்டார்கள். அவள் அம்மாவையும் ஒரு நாள் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

நான் இங்கே எங்கள் குடியிருப்பில் சனிக்கிழமை ஐந்து மணிக்கு இரண்டு போர்டு போடுகிறேன். இது மூன்றாவது வாரம். போன வாரம் என் பெண்ணும் நானும் மட்டும்தான். ஆடினோம்.

பயிற்சியாளர்_மதுரை | 5 ஜூன் 2025

எங்களிடம் படித்து இப்போது திருச்சியில் வேலை பார்க்கும் மூன்று பேருக்கு உங்கள் விவரம் அனுப்பினேன். ஒருவன் நன்றாக ஆடுவான், ஏணியில் உங்களுக்கெல்லாம் வேலை வைப்பான். நானும் வேலையாக அந்தப் பக்கம் வருகிறேன், ஞாயிறு சாயங்காலம் ரயிலுக்கு நேரம் இருக்கும். எட்டாம் தேதி இருக்கிறதா?

ஸ்ரீரங்கத்துக்குதிரை | 5 ஜூன் 2025

இருக்கிறது சார். நாலு மணிக்குத் திறப்போம். எனக்கு அன்றைக்கு ஒரு கல்யாணம், வர ஐந்தாகும். அதற்குள் நீங்கள் வந்துவிட்டால் தாத்தாவோடு ஒரு ஆட்டம் போடுங்கள்.